கல் யார் வீட்டில்?

குழு: சின்னத்துரை வீட்டார் கொழும்பு
வியாழன் இரவு

சுந்தரம்: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு கலியாணத்தன்று காலை மாப்பிள்ளை பிரணவனுக்குத் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தோய வார்க்க முதல், அப்பாவின் சவரக்கத்தியால் முகம் வழிக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் நடந்தது, குகனுக்கும் அப்படித்தான். கத்தி என்னிடம் இருக்கிறது. கல் யார் வீட்டில்?

வசந்தி: எந்தக் கல்

சுந்தரம்: தீட்டுகிற கல். மேலே மஞ்சள், கீழே கறுப்பு, ஒரு சாண் நீளம். மரப்பெட்டிக்குள் இருந்தது.

தர்ஷன்: அம்மா மீன் கத்தி தீட்டுகிற கல்லா

வசந்தி: தர்ஷன்!

சுந்தரம்: மீன் கத்தியா??

குகன் லண்டன்: ஹா ஹா ஹா

வசந்தி: வீடு பிரித்தபோது குசினிச் சாமான் என்று அதை என்னிடம் தந்ததே நீங்கள்தான் அத்தான். தேக்கு அலுமாரி ராசாத்தி மச்சாளுக்கு, தையல் மெஷின் உங்களுக்கு, எனக்கு அம்மியும் கல்லும். அம்மியில் அரைத்தேன், கல்லில் தீட்டினேன். வேறென்ன செய்வது, கும்பிடுவதா?

ராசாத்தி: அலுமாரிக் கதை இப்போது எதற்கு

குகன் லண்டன்: அண்ணா அந்தக் கத்தி இன்னும் இருக்கிறதா! 83 கலவரத்தில் கப்பலேறும்போது அம்மா சேலைக்குள் சுற்றிக் கொண்டு போனது

ராசாத்தி: அம்மா இல்லை, நான். நகைப்பெட்டியை விட்டுவிட்டுக் கத்தியைத் தூக்கி வந்தாய் என்று வாங்கிய ஏச்சு எனக்கல்லவா தெரியும்.

தர்ஷன்: பெரியப்பா, பழைய சோனகத் தெருவில் மெஷினில் சாணை பிடிப்பார்கள். கத்தியைத் தந்தால் நாளைக்கு ஒஃபிஸ் முடிந்து கொடுத்து எடுக்கிறேன்

சுந்தரம்: கொடுத்தால் உன்னைத்தான் முதலில் வழிப்பேன். தம்பி, அது ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்க் கத்தி. இரண்டு பக்கமும் குடைந்து எடுத்திருப்பார்கள், முதுகு மட்டும்தான் தடிப்பு, வாய்ப்பக்கம் நகத்தில் வைத்து மெல்ல அழுத்தினாலே வளையும், அவ்வளவு மெல்லிசு. சுழலுகிற சாணையில் வைத்தால் ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எந்தக் கல்லில் தேய்த்தாலும் கூர் நிற்காது. இதைக் கையால்தான் தீட்ட வேண்டும், தண்ணீர் விட்டு, பொறுமையாக.

தர்ஷன்: சரி சரி

பிரணவன்: மாமா ஒரு விஷயம். நான் தாடி வைத்திருக்கிறேன்

ராசாத்தி: அதைத்தான் எடுக்கப் போகிறோம்

பிரணவன்: அம்மா அவள் எடுக்க வேண்டாம் என்கிறாள். படம் எடுப்பவரும் அதே மாதிரி வரச் சொன்னார்

குகன் லண்டன்: இப்போதே ஆரம்பித்துவிட்டாயா மருமகனே

வசந்தி: கல்லின் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். மேலே எண்ணெய், துடைத்தால் போகவில்லை.

சுந்தரம்: பார்த்தேன். நடு குழிந்துவிட்டது. வசந்தி, அது பெல்ஜியத்துக் கல், ஆர்டென் மலைப்பக்கத்தில் வெட்டி எடுப்பது, கொட்டிகூல் என்று பெயர். மஞ்சள் படை தனியாக இருந்தால் இலேசில் உடைந்துவிடும், அதனால்தான் கீழே பலகைக்கல் ஒட்டி விற்பார்கள். அந்த மஞ்சளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் நிறைந்திருக்கின்றன, நாங்கள் மோதிரத்தில் போடுகிற கோமேதகத்தின் இனம். மணிகள் ஆழமாகக் கீறாது, மேலோட்டமாகத்தான் அறுக்கும், அதனால் அந்தக் கல்லில் முடித்த கத்தி கன்னத்தில் எரியாது. ஜெர்மனியிலும் சவரக்கத்திக்கென்றே துரிங்கியாக் கல் வெட்டினார்கள், அந்தச் சுரங்கங்கள் மூடிவிட்டன. கொட்டிகூல் இன்றைக்கும் எடுக்கிறார்கள், ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். அதில் நீ பாரை மீன் கத்தி தீட்டியிருக்கிறாய்.

ராசாத்தி: கோமேதகம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அம்மாவின் மோதிரம் யாரிடம்?

குகன் லண்டன்: ஐயோ

வசந்தி: என்னைப் பார்க்காதீர்கள், எனக்கு அம்மிதான் தந்தது

சுந்தரம்: மோதிரம் பிறகு. தர்ஷன், கல்லை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவு. மேசைக்கண்ணாடியின் மேல் 220 இலக்க அரத்தாளை விரித்துத் தண்ணீர் விடு. கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் குப்புற வைத்துத் தேய், எல்லாக் கோடும் அழிந்தால் மட்டமாகிவிட்டது. பிறகு 400 இல் கொஞ்சம். சமையல் கத்திக்குக் குழி பெரிய விஷயமில்லை. சவரக்கத்தியை முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வைத்துத்தான் இழுப்பது, சாய்மானத்தைக் கை தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிப்புத்தான் தீர்மானிக்கிறது. கல் குழிந்திருந்தால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும், கத்தியின் இரண்டு முனையும்தான் தேயும்.

தர்ஷன்: எங்கள் மேசைக்கண்ணாடியிலா

வசந்தி: கட்டாயம் எங்கள் மேசைக்கண்ணாடியில் இல்லை

டொக்டர் கௌரி: இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். அப்பா, ஒரே கத்தியை ஆள் மாற்றி ஆள் போடுவது கூடாது என்று எத்தனை தரம் சொல்வது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இடத்தில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். சலூன்காரர்களே ஆளுக்கு ஆள் பிளேட் மாற்றுகிறார்கள்.

சுந்தரம்: கடைசியாக முகத்தில் பட்டது குகனின் கலியாணத்தில் பிள்ளை. 7 நாளா, 30 வருஷம்.

டொக்டர் கௌரி: துரு?

சுந்தரம்: தையல் மெஷின் எண்ணெய் பூசித்தான் வைத்திருக்கிறேன். தேங்காயெண்ணெய் பூசினால் பிசினாகிவிடும். முதுகில் இரண்டு புள்ளி இருக்கிறது, வாயில் ஒன்றும் இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

குகன் லண்டன்: தையல் மெஷின் அண்ணாவிடம் இருப்பது நல்லதாகப் போயிற்று

வசந்தி: ம்ம்

சுந்தரம்: கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எனக்குப் பிறகு ஒருவருக்காவது தெரிய வேண்டும். வாய் பிடிப்பது 1000 இலக்க ஜப்பான் கல்லில், அது என்னிடம் இருக்கிறது. கையில் உள்ள மயிரை அந்தக் கல்லிலேயே வழித்துப் பார்க்கலாம், வழிக்கவில்லை என்றால் மேலே போகக் கூடாது, அடுத்த கல் எதையும் திருத்தித் தராது. அதற்குப் பிறகு மஞ்சள் கல். அதே சாதிச் சின்னக் கல்லால் அதன் மேல் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் வெண்சேறு வரும். சேறு தடிப்பாக இருக்கும்போது கத்தி வேகமாக அறுபடும், ஆனால் அந்தச் சேறே கூரின் நுனியையும் மழுக்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சேற்றை மெலிய வைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். அவசரப்படுகிறவன் இங்கேதான் கெடுப்பான். கத்தியின் பாரமே போதும், கை அழுத்தக் கூடாது. கல்லில் வாய் முன்னே போகும், திருப்பும்போது முதுகில்தான் திருப்ப வேண்டும். கல்லுக்குப் பிறகு கத்தியை இழுக்கிற தோல்வாரில் முதுகு முன்னே போகும், மாறிப் போனால் தோலும் அறுந்து கூரும் போய்விடும். முதலில் துணிவார், பிறகு தோல்.

குகன் லண்டன்: அண்ணா குரல் பதிவே போட்டிருக்கலாம்

ராசாத்தி: அது சரி, அந்தச் சின்னக் கல் எங்கே?

வசந்தி: எந்தச் சின்னக் கல்

சுந்தரம்: பெட்டிக்குள் இருந்திருக்குமே. தீப்பெட்டி அளவு.

தர்ஷன்: அம்மா, கதவு அடிக்காமல் வைக்கிறோமே

சுந்தரம்: கடவுளே

டொக்டர் கௌரி: சரி முடிவு சொல்கிறேன். அப்பா தீட்டட்டும். ஆனால் வழிப்பது யார்? அப்பாவுக்குக் கை நடுக்கம், சலூன்காரர் வேறு ஆளின் கத்தியைத் தொட மாட்டார்.

சுந்தரம்: எனக்கு நடுக்கம் இல்லை.

டொக்டர் கௌரி: தேத்தண்ணீர்க் கோப்பையை நான் பார்க்கிறேன் அப்பா

பிரணவன்: மாமா, கழுத்துப் பக்கம் மட்டும் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்தானே? தாடிக்கு ஒன்றும் ஆகாது, சம்பிரதாயமும் ஆச்சு

ராசாத்தி: உன் அப்பா கேட்டால் என்ன சொல்வார்

பிரணவன்: அப்பா ஓம் என்றுவிட்டார்

சுந்தரம்: கழுத்தில்தான் மயிர் நான்கு திசையிலும் வளரும், அதுதான் கஷ்டமான இடம். கன்னத்தில் காது ஓரம் என்றால் சரி. யோசிப்போம். தர்ஷன், இரண்டு கல்லையும் சனி காலை வெள்ளவத்தைக்குக் கொண்டு வா.

தர்ஷன்: சனி எனக்குக் கிளாஸ் பெரியப்பா, பின்னேரம் வரலாமா

வசந்தி: கல்லைத் தருகிறேன் அத்தான், ஆனால் திரும்பி என் வீட்டுக்கு வர வேண்டும்

சுந்தரம்: அதைப் பிறகு கதைப்போம்.

வசந்தி: இப்போதே கதைப்போம்

குகன் லண்டன்: நான் சனி இரவுதான் கட்டுநாயக்காவில் இறங்குகிறேன், அதற்குள் அடிபட்டு முடியுங்கள்

ராசாத்தி: ஐயரைக் கூட்டி வர வான் யார் ஒழுங்கு செய்தது? ஒருவரும் பதில் சொல்லவில்லை