உங்கட டன்ஜன்ல கொப்ளின் எங்க தண்ணி அள்ளுது? அனுபவங்களைச் சொல்லுங்கோ

கிணத்தடி_டிஎம்:
சிரிக்காதேங்கோ, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கதை சொல்லி டைஸ் உருட்டி விளையாடுற ஆட்டம்) விளையாடுற ஆக்களிட்டச் சீரியசாத்தான் கேக்கிறன், உங்கட டன்ஜனில, அதுதான் பூதங்கள் இருக்கிற நிலக்கீழ் இடத்தில, அதுகளுக்குத் தண்ணி எங்கால வருது? எங்கட செற்றுக்கு நான்தான் டிஎம் (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்திற ஆள்), அதில ஒரு தங்கச்சி இருக்கிறா, வீட்டுக் கிணறு உவராப் போய் பவுசருக்கு வாளியோட காவல் நிக்கிற ஆள், டன்ஜன் கதவை உடைச்சு உள்ள போன உடன அவ கேட்டது புதையலை இல்லை, “அண்ணை இஞ்ச கிணறு எங்க?” எண்டுதான். நான் யோசிக்காம எங்கட யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்தைத் தூக்கி அங்க வைச்சிட்டன். புத்தூர்ப் பக்கம் போன ஆக்களுக்குத் தெரியும், மேல நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உப்பு. எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுதானே, கீழ வெடிப்பும் குகையும், மழைத்தண்ணி பாரம் குறைவு எண்டபடியா உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும், அளவுக்கு மிஞ்சி இறைச்சா உப்பு மேல ஏறும். இப்ப அதுக்குள்ள ஆக்களைப் போடுங்கோ: மேல் தட்டில கொப்ளின் எண்ட குட்டிப் பூதங்கள், கீழ உவருக்க சஹுவாகின் எண்ட மீன் மாதிரிக் கடல் பூதங்கள். கொப்ளின் கூட அள்ளினா உப்போட சேர்ந்து சஹுவாகினும் மேல வரும், அதால அதுகள் வாளிக்குக் கணக்கு வைச்சு, கிணத்தடியில காவலும் போட்டிருக்குதுகள். பெடியள் வாளை உறைக்குள்ள வைச்சிட்டு இரவிரவா களவாத் தண்ணி இறைக்க வெளிக்கிட்டாங்கள்! விடியக்க சஹுவாகின் வந்து கொப்ளினைக் கலைச்சுப்போட்டுது, இவங்கள் மேல இருந்து வேடிக்கை. நான் எழுதி வைச்ச சண்டை எல்லாம் வீண், ஆனா இதைவிட நல்ல செஷன் எங்களுக்கு இன்னும் அமையேல்ல.

பனங்காய்ப்_பணியாரம்:
தண்ணி சரி அண்ணை, எனக்கு அதைவிட முக்கியம் முதல்ல ஆர் கட்டினது, பேந்து ஆர் பிடிச்சது எண்டது. எங்கட யாழ்ப்பாணக் கோட்டையையே பாருங்கோவன், போர்த்துக்கீசர் சதுரமாக் கட்டினதை 1658ல ஒல்லாந்தர் பிடிச்சு ஐங்கோணமா மாத்திக் கட்டினவை, 1795ல இங்கிலீசுக்காரன் வந்திட்டான், உள்ளுக்க இருந்த டச்சுத் தேவாலயம் பிறகு உள்நாட்டுச் சண்டைக்க உடைஞ்சு இப்ப கல்லுக்குவியலாக் கிடக்கு. ஒரே சுவரை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தேவைக்குப் பாவிச்சிருக்கினம். நானும் அப்பிடித்தான் டன்ஜன் மேப் கீறுறனான், முதல் குள்ளரிண்ட ஆயுதக் கிடங்கு, பிறகு ஒரு பேய்ச்சாமிக் கூட்டம் அதைக் கோயிலாக்கினது, இப்ப கள்ளக்கடத்தல்காரர். அதில ஒரு அறையில அம்பு விடுற துவாரம் உள்பக்கமாப் பாத்தபடி இருக்கும். பெர்செப்ஷன் ரோல் (கண்ணில படுகுதோ எண்டு டைஸ் உருட்டிறது) ஒண்டும் கேக்கேல்ல, சும்மா வாயால சொன்னன், அவ்வளவுதான். ஒரு தம்பி கொஞ்ச நேரம் மேப்பையே பாத்துக்கொண்டிருந்திட்டு “அக்கா அப்ப இது ஒரு காலத்தில வெளிச்சுவர், நாங்கள் நிக்கிறது பிறகு கட்டின பக்கம், பழைய கட்டிடம் அந்தப் பக்கம் கிடக்கு” எண்டான். அடைச்சிருந்த வாசலை இடிச்சா உள்ள குள்ளரிண்ட ஆயுதம் அப்பிடியே இருக்கு. டைஸ் உருட்டிக் கண்டுபிடிச்சிருந்தா அவ்வளவு துள்ளியிருக்கமாட்டாங்கள்.

சும்மா_வந்தனான்:
உவ்வளவு ஹோம்வேர்க் செய்யோணுமோ 😂 எனக்கு ஜெலட்டினஸ் கியூப் (வழியில கிடக்கிறதை எல்லாம் விழுங்கிற ஜெலி மாதிரிச் சதுரப் பூதம்) ஒண்டு காணும். 10 அடி கொரிடோர், 10 அடி கியூப், ஒழுங்கையைத் துடைச்ச மாதிரிக் கூட்டிக்கொண்டு போகும். எல்லா வழியிலயும் தூசும் எலும்பும் எண்டு சொல்லிப்போட்டு ஒரு வழி மட்டும் பளிச்செண்டு இருக்கு எண்டன். எங்கட பாலடின் (சாமிக்குச் சத்தியம் செய்த போர்வீரனா விளையாடுறவர்) “ஆரோ கூட்டி வைச்சிருக்கினம், நல்ல ஆக்களா இருக்கும்” எண்டு முன்னுக்கு நடந்தார்.

பனங்காய்ப்_பணியாரம்:
@சும்மா_வந்தனான் அதுவும் ஹோம்வேர்க்தான், உமக்குத் தெரியேல்ல.

மெழுகுதிரி:
நான் டிஎம் இல்லை, விளையாடுற ஆள், எண்டாலும் சொல்லுறன். 2022 கரண்ட் கட் நேரம், இருட்டில வேற என்ன செய்யிறது எண்டு அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைச்சுத்தான் விளையாடினனாங்கள். ஆட்டத்திண்ட ஐஞ்சாம் எடிஷன் விதிப்படி ஒரு தீப்பந்தம் 1 மணித்தியாலம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதுக்கங்கால இன்னொரு 20 அடி மங்கல். வெளிச்சத்தில இருந்து விளையாடேக்க உதை ஆரும் கணக்கெடுக்கிறேல்ல, ஆனா அண்டைக்கு மேசையைச் சுத்தி உண்மையாவே இருட்டு, மங்கலுக்கு அங்கால நிக்கிறது என்னெண்டு எங்களுக்குத் தெரியாது, அதுக்கு எங்கட பந்தம் வடிவாத் தெரியும், அந்த எண்ணமே காணும் பயப்பிட. அந்த டிஎம் அண்ணை இன்னொண்டும் செய்தவர், பந்தத்திண்ட புகை எந்தப் பக்கம் போகுது எண்டு ஒவ்வொரு அறையிலயும் சொல்லுவார். முதல் ஒருத்தரும் காதில விழுத்தேல்ல. ஒரு அறையில புகை சுவர் வெடிப்புக்குள்ள இழுபட்டுப் போகுது எண்டார், அப்பதான் விளங்கினது அங்கால காத்துவழி ஒண்டு இருக்கு எண்டு. அவ்வளவு ஆழத்தில தீ மூட்டிக்கொண்டு ஆக்கள் இருந்ததெண்டா மூச்சு விட வழியும் வெட்டித்தானே இருப்பினம். கல்லைக் கிளப்பி அதுக்குள்ளால ஊர்ந்து போனம், மற்றப் பக்கம் திறந்தது டிராகன் படுத்திருக்கிற இடத்துக்கு நேர மேல. கயிறு அறுந்து மூண்டு பேர் விழுந்தவை. கரண்ட் வருமட்டும் பாத்திருந்து செத்த ஆக்களுக்குப் பதிலாப் புதுக் கரெக்டர் ஷீட் (பாத்திரத்திண்ட விபரத்தாள்) எழுதினம்.