பாலஸ்டியர் கால்சா சீக்கியர்களின் குழுவா? தமிழர்களுக்கு ஏன் அப்படி ஒன்று அமையவில்லை?

பீஷான்வாசி கேட்டது:

வணக்கம். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பீஷான் விளையாட்டரங்கத்துக்குப் போயிருந்தேன், சிங்கப்பூர் லீக்கில் ஆடும் பாலஸ்டியர் கால்சா காற்பந்துக் குழுவின் ஆட்டம் பார்க்க. பையனுக்குப் பன்னிரண்டு வயது. இங்கிலீஷ் பிரிமியர் லீக்தான் காற்பந்து, மற்றதெல்லாம் சும்மா என்று நினைக்கிற ரகம். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்ததால் ஒட்டிக்கொண்டான். இடைவேளையில் கேட்டான்: "மாமா, கால்சான்னா பஞ்சாபிக்காரங்கதானே? இன்னிக்கி ஆடுனதுல சிங்னு ஒருத்தரைக்கூடக் காணோமே?" பதில் தெரியாமல் மைலோ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். அடுத்த கேள்வி அதைவிட மோசம்: "அப்ப நம்ம டீம் எது?"

சீக்கியர்கள் தொடங்கிய குழுதானா அது? தேக்கா பக்கம் இத்தனை தமிழர்கள் இருந்தும், நமக்கென்று லீக்கில் ஒரு குழு எப்போதாவது இருந்ததா? பழைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோப்பி ஓ கொசொங்:

நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்தா அஞ்சு சங்கம் வைப்போம். அஞ்சுலயும் தலைவர் பதவிக்குத்தான் அடிதடி. பதினோரு பேரை எங்கேருந்து புடிக்கிறது? 😂

பழைய கேலரி:

கோப்பி தம்பி, சிரிச்சேன். ஆனா விஷயம் அது இல்ல.

பீஷான்வாசி, இந்தக் குழுவுக்கு ரெண்டு தாத்தா. ஒருத்தர் ஃபதுல் கரீப். மலாய்க்காரங்க குழு, 1898-ல ஆரம்பிச்சது. ஜாலான் புசார் விளையாட்டரங்கமே 1929-லதான் திறந்தாங்கன்னா வயசைக் கணக்குப் போட்டுக்குங்க. 1975-ல தேசியக் காற்பந்து லீக் வந்தப்ப இனம், மதம் சார்ந்த பேரையெல்லாம் விட்டுட்டு வட்டாரப் பேருக்கு மாறினாங்க. அப்படித்தான் ஃபதுல் கரீப் 'பாலஸ்டியர் யுனைடெட்' ஆச்சு. 1996-ல எஸ்-லீக், அதாவது சம்பளம் குடுத்து ஆட வைக்கிற தொழில்முறை லீக், தொடங்கினப்ப 'பாலஸ்டியர் சென்ட்ரல்'னு பேரை மாத்திக்கிட்டு, முதல் எட்டுக் குழுவுல ஒண்ணா நுழைஞ்சுது.

இன்னொரு தாத்தாதான் சிங்கப்பூர் கால்சா சங்கம். 1931-ல சீக்கிய இளைஞர்கள் விளையாடுறதுக்குன்னே ஆரம்பிச்சது. போலிஸ்காரர் மகன், ஜாகா (காவல்காரர்) வேலை பாத்தவர் மகன், இப்படி இங்க வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைங்க. டெசன்சோன் ரோட்டுல இன்னிக்கும் அவங்க கட்டடம் இருக்கு. தேக்காவுல சாப்பிட்டுட்டு நடந்தே போய்ப் பாத்துடலாம்.

அந்தச் சங்கத்தோட குழு 1999-ல 'கிளமெண்டி கால்சா'ங்கிற பேர்ல எஸ்-லீக்குக்கு வந்துச்சு. லீக்குல ஒரு சமூகத்தோட பேரைத் தாங்கி நின்ன குழு அது ஒண்ணுதான். ஆனா முன்னாடி ஒரு வட்டாரப் பேரை ஒட்டிக்கிட்டுத்தான் வர முடிஞ்சுது, அதையும் கவனிங்க.

அப்ப எனக்குக் கிளமெண்டி பக்கம்தான் வேலை, மின்தூக்கி பழுது பாக்குறது. சாயங்காலம் கிரீஸ் வாசத்தோட, குளிக்காமக்கூட, நேரா கேலரிக்குப் போயிடுவேன். அங்க எனக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு பெரியவர், வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை. தற்காப்பு ஆட்டக்காரன் பந்தை வெளிய அடிச்சா கைதட்ட மாட்டாரு, தன் தொடையில ஓங்கி ஒரு அறை வைப்பாரு. ஆட்டம் முடியிறப்போ அந்தத் தொடை என்ன பாடுபட்டிருக்கும்னு நினைச்சுக்குவேன். அவரு ஒரு நாள் மலாய்ல எங்கிட்ட சொன்னது: "ஆடுறவன் யாரா இருந்தா என்ன, சட்டை நம்மளுது." உங்க மருமகனோட முதல் கேள்விக்கு இதுதான் பதில். அன்னிக்கே மலாய்ப் பசங்க, நம்ம பசங்க, வெளிநாட்டு ஆட்டக்காரங்க எல்லாரும் கலந்துதான் ஆடுனாங்க. சம்பளம் குடுத்து ஆள் எடுக்குற லீக்குல ஒரே சமூகத்துலேருந்து முழுக் குழுவையும் தேத்த முடியாது.

கோப்பைன்னு எதுவும் வாங்கலை. பணமும் கஷ்டம். 2002 பருவம் முடிஞ்சதும் பாலஸ்டியர் சென்ட்ரலோட இணைஞ்சு, 2003-லேருந்து பாலஸ்டியர் கால்சா. மலாய்க்காரங்க ஆரம்பிச்சதும் சீக்கியங்க ஆரம்பிச்சதும் சேர்ந்து, தோ பாயோவுல பல வருஷம் ஆடி, இப்ப உங்க ஊர் பீஷானுக்கு வந்திருக்கு.

தமிழர் கேள்விக்கு அப்புறம் வர்றேன், பேத்தியைப் பள்ளியிலேருந்து அழைச்சிட்டு வரணும்.

செம்பவாங்காரி:

அண்ணே வர்றதுக்குள்ள நான் என் பங்கைச் சொல்லிடுறேன். அப்பா செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல, நேவல் பேஸ்ல, வேலை பார்த்தவர். அங்கே தமிழர், மலையாளி எல்லாருக்கும் குடியிருப்பு, பக்கத்திலேயே திடல். வேலை முடிஞ்சதும் காற்பந்துதான். திடல் யாருது? பேஸ் காரங்களோடது. வீடு யாருது? அதுவும் அவங்களோடது. 1971-ல பிரிட்டிஷ் படை கிளம்பினதும் எல்லாம் கலைஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரங்களே ஈசூன், உட்லண்ட்ஸ், அங் மோ கியோன்னு ஆளுக்கொரு மூலைக்குப் போனோம். 1989-லேருந்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில், எந்த இனம் எத்தனை பேர் இருக்கலாம்னு இன விகிதமும் வந்துடுச்சு. ஒரே இடத்துல தமிழர் கூட்டமா இருந்தாத்தானே சாயங்காலம் பயிற்சிக்குப் பையன்கள் சேருவாங்க? பஞ்சாபிகளும்தான் சிதறினாங்க, ஆனா அவங்களுக்குப் போய்ச் சேர ஒரு கட்டடம் இருந்துச்சு.

பழைய கேலரி:

செம்பவாங்காரி சொன்னது நூத்துக்கு நூறு. நான் சொல்ல வந்ததுல பாதியை நீங்களே சொல்லிட்டீங்க, நல்லது.

மீதிப் பாதி. இந்தியர் சங்கம் இல்லாம இல்ல. சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923-லேயே வந்தது. பாலஸ்டியர் ரோட்டுல அவங்க கட்டடத்துக்கு 1950-ல நேருவே வந்து அடிக்கல் நாட்டினாரு. அதே பாலஸ்டியர்ல சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், 1928. கால்சா, இந்தியர் சங்கம், சிலோன் கிளப் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நடை தூரம்தான். ஆனா அங்கெல்லாம் வக்கீல், வாத்தியார், அரசாங்க கிராணி (குமாஸ்தா) மாதிரி ஆளுங்கதான் பெரும்பாலும். கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும்தான் முதல் மரியாதை. காற்பந்து பைத்தியம் புடிச்ச தமிழன் யாரு? துறைமுகத்துல மூட்டை தூக்கினவன், நகராட்சியில ரோடு போட்டவன், நேவல் பேஸ் தொழிலாளி. இவன் அந்தக் கட்டடத்துக்குள்ள உறுப்பினரா நுழையிறது லேசுல நடக்காது. அவனுக்குக் கிடைச்சது முதலாளி குடுத்த சட்டையும் முதலாளி திடலும். இல்லாட்டி ஃபேரர் பார்க். குதிரைப் பந்தயம் 1933-ல புக்கித் தீமாவுக்கு மாறின பிறகு அந்தத் திடல் தேக்கா பையன்களுக்குக் கோயில் மாதிரி ஆச்சு. அங்க எவனும் வாடகை கேக்கலை, எவனும் சங்கமும் பதியலை.

ஆட்டக்காரங்களுக்கா பஞ்சம்? எஸ். ராஜகோபால் வளைச்சு அடிக்கிற ஃப்ரீ கிக்கைப் பாக்கவே கூட்டம் வந்த காலம் உண்டு. சமது அல்லாபிச்சை நாட்டுக் குழுவுக்கே தலைவர். கே. கண்ணன், அதுக்கப்புறம் வி. சுந்தரமூர்த்தி. சுந்தரம் சுவிட்சர்லாந்து போய் பாசல் குழுவுக்கு ஆடிட்டு வந்தவரு, அப்புறம் நாட்டுக்கே பயிற்றுநர் ஆனாரு. 1977-ல பினாங்கை 3-2னு தோற்கடிச்சு மலேசியக் கிண்ணத்தைத் தூக்கினப்ப காற்பந்துச் சங்கத் தலைவரே நம்ம என். கணேசன்தான். 1998-ல ஹனோயில தென்கிழக்காசிய நாடுகளோட டைகர் கிண்ண இறுதி ஆட்டம், ஒரே கோல், அதை அடிச்சது ஆர். சசிகுமார். பந்து அவரு முதுகுல பட்டுச்சா தோள்ல பட்டுச்சான்னு இன்னிக்கும் கோப்பிக் கடையில சண்டை போடுறாங்க.

கேலரிக்கு வெளிய கச்சாங் பூத்தே வித்தவரும் நம்மாளுதான். தாள்ல கூம்பு சுத்தி, சூடா கடலை போட்டுக் குடுப்பாரு. உள்ளயும் நாம, வெளியயும் நாம. கிளப் நிர்வாகத்துல மட்டும் இல்ல.

ஆக, நம்மகிட்ட இல்லாதது ஆட்டக்காரன் இல்ல. கணக்கெழுத ஒருத்தர், கூட்டம் போட ஒரு அறை, தோத்தாலும் அடுத்த வருஷம் காசு போட நாலு வியாபாரி. நம்மைவிட எவ்வளவோ கொஞ்சமா இருக்குற சீக்கியங்ககிட்ட அது 1931-லேருந்து இருந்துச்சு. அதனாலதான் கிளமெண்டியில மூச்சு முட்டினப்போகூட அவங்க குழு சாகலை, இன்னொண்ணோட சேர்ந்துச்சு. எஸ்-லீக்ல காணாமப் போன குழுக்களைப் பாருங்க. செம்பவாங் ரேஞ்சர்ஸ் எங்கே?

கோப்பி ஓ கொசொங்:

அண்ணே, கொரியாக்காரனுக்கு சூப்பர் ரெட்ஸ் இருந்துச்சே? 2008-ல ரெண்டாவது இடம் வந்தாங்க. பிரெஞ்சுக்காரன் எத்துவால் 2010-ல வந்த முதல் வருஷமே லீக்கைத் தூக்கிட்டுப் போனான். அவனுக்கெல்லாம் 1931-ல கட்டடமா இருந்துச்சு?

பழைய கேலரி:

கேட்டீங்களே நல்ல கேள்வி. அவங்க இப்ப எங்கே? எத்துவால் 2011-க்கு அப்புறம் லீக்ல இல்ல. சூப்பர் ரெட்ஸும் 2009-ஓட சரி. விமானத்துல கொண்டுவந்து இறக்கின குழு அதெல்லாம். இங்க பொறந்த பிள்ளைங்க கட்டினது வேற. ஜப்பான்காரங்க குழு அல்பிரெக்ஸ் மட்டும் 2004-லேருந்து நின்னுச்சு, பின்னாடி ஜப்பான்ல ஒரு தாய்க் கிளப் இருக்குறதால.

கால்சா சேர்ந்த பிறகு பலன் இல்லாமலும் இல்ல. 2013-ல லீக் கோப்பை, அடுத்த வருஷமே சிங்கப்பூர்க் கிண்ணம், இறுதி ஆட்டத்துல ஹோம் யுனைடெட்டை 3-1னு. ரெண்டு ராத்திரியும் நான் ஜாலான் புசார்லதான்.

பீஷான்வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, செம்பவாங்காரி அக்காவுக்கும். மருமகனிடம் வாசித்துக் காட்டினேன். 1898 கதையைவிட சசிகுமார் கோல்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது, யூடியூபில் நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டான். தோள்தான் என்கிறான்.

செம்பவாங்காரி:

முதுகு.

பழைய கேலரி:

முதுகுதான். பையனை அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க தம்பி, நான் கேலரியில மேல் வரிசையில இருப்பேன், அங்கேயே பேசித் தீத்துக்கலாம்.