'சரமாரி' போதுமா? வில்லாளர் ஒருசேர அம்பு விடுவதற்கு ஒரு கலைச்சொல்

வணக்கம்.

போர்க்காட்சியில் வரிசையாக நிற்கும் வில்லாளர்கள் ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் அம்பு விடுகிறார்களே, அதற்கு ஒரு சொல் வேண்டும். திரைக்கதைப் படியிலும் கிராஃபிக்ஸ் குறிப்பிலும் எழுத வசதியாக இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லையே (volley) 'வாலி' என்று எழுதினால், அம்பு பட்டு விழுந்தவன்தான் நினைவுக்கு வருவான். 'சரமாரி' என்றே வைத்துவிடலாமா?

———

> 'சரமாரி' என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம், ஐயா. மாரி என்பது மழை, விட்டுவிடாமல் பெய்வது. 'சரமாரியாகக் கேள்வி கேட்டார்' என்றால் யாரும் ஒரே மூச்சில் எழுந்த ஒற்றைக் கேள்வியை நினைப்பதில்லை. நீங்கள் கேட்பது ஒரு கணத்தில் நடந்து முடிவது. இரண்டும் வேறு வேறு வினைகள். திரையில் குழப்பம் வருவதே இவற்றை ஒன்றாக்குவதால்தான்.

'இழு... பிடி... பிடி...' என்று தளபதி நீட்டிக்கொண்டே போக, நூறு பேர் நாணை இழுத்தபடி சிலையாக நிற்பார்கள். இது மெய்யான போர்வில்லில் நடக்காது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் நெடுவிற்களுக்கு இழுவிசை ஏறத்தாழ 100 முதல் 180 பவுண்டு வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதை முழுக்க இழுத்து ஓரிரு விநாடிக்கு மேல் நிறுத்தினால் தோள் நடுங்கும், குறி கெடும், அடுத்த அம்புக்கு வலு இருக்காது. படப்பிடிப்பில் நடிகர்கள் நிற்க முடிவது 30 பவுண்டுக்கு அருகிலான வில்லைக் கொடுப்பதால்தான்.

ஆகவே முதல் அம்பை மட்டும் அடையாளம் பார்த்து விட்டிருக்கலாம். 1415இல் பிரான்சின் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயத் தளபதி தாமஸ் எர்ப்பிங்ஹாம் கைக்கோலை மேலே எறிந்து தொடக்க அடையாளம் காட்டியதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு உண்டு. அதன்பின் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் விடுவதே இயல்பு. வலுத்தவன் இளைத்தவனுக்காகக் காத்திருந்தால் மொத்த அம்புகளும் குறையும். வரிசை வரிசையாக ஒருசேரச் சுடுவது துப்பாக்கிக்கு ஏற்ற முறை. மருந்து திணிக்க நேரமாகும் என்பதால் ஒரு வரிசை சுட்டுவிட்டுப் பின்னே போக, அடுத்தது முன்னே வரும். டச்சுப் படைத்தலைவர், நாசௌ குடும்பத்து வில்லியம் லூயிஸ் இதை விளக்கி எழுதிய கடிதம் 1594ஐச் சேர்ந்தது. திரைப்படம் அதைத் தூக்கி வில்லாளன் தோளில் வைத்துவிட்டது.

என் முன்மொழிவு: தொடர்ந்து பெய்வதற்குச் 'சரமாரி'யே இருக்கட்டும். ஒரே கணத்தில் விடுவதற்கு 'ஒருங்கெய்தல்'.

———

> ஒரே கணத்தில் விடுவதற்கு 'ஒருங்கெய்தல்'

பிரிப்பு ஏற்கத்தக்கது. சொல்லில்தான் இடறல். எய்தல், எய்துதல் இரண்டும் புழங்குவதால் 'ஒன்றாகச் சென்றடைதல்' என்றும் படிப்பார்கள். 'கூட்டுவிடுகை' எளிது அல்லவா? அம்பு 'விட்டான்' என்பது இன்றும் ஊரில் வழங்குகிறது.

———

'விடுகை'யை ஏற்கிறேன். 'கூட்டு' வேண்டாம். சரமாரியும் கூட்டாகப் பெய்வதுதானே? காலம் ஒன்றாதல் 'ஒருங்கு' என்பதில்தான் இருக்கிறது. ஒருங்குவிடுகை என்றே முடிப்போம். நீளம் என்று உதவி இயக்குநர்கள் முனகலாம். ஆனால் களத்தில் கத்தப்போவது 'தொடு, இழு, விடு' மட்டும்தான்.

கிராஃபிக்ஸ் ஆட்களுக்கு இதன் துணைச்சொல்லும் தேவை: 'விடுகைச் சிதறல்'. ஒருங்கு என்றாலும் எல்லா அம்பும் ஒரே ஃபிரேமில் கிளம்பினால் பொம்மலாட்டமாகிவிடும். 100 மீட்டர் வரிசையின் ஒரு முனையில் கத்தினால் மறுமுனைக்குக் குரல் போய்ச் சேர 0.3 விநாடி ஆகும். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் அது 7 ஃபிரேம். ஆளுக்கு ஆள் மாறும் கைவேகம் தனி. எனவே கட்டளையிடுபவர் இருக்கும் முனையிலிருந்து அலையாகத் தொடங்கி, அதன்மேல் ஆளுக்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்பின் கலைத்துவிட வேண்டும்.

வேகத்திலும் ஏமாற்றுவார்கள். விநாடிக்கு 50 மீட்டரில் பாயும் அம்பு ஒரு ஃபிரேமுக்கு 2 மீட்டர் நகரும். ஷட்டர் அதில் பாதி நேரம் திறந்திருந்தால் 1 மீட்டர் நீளத்துக்கு இழுபட்ட கோடாகத் தெரியும்; அம்பே முக்கால் மீட்டர்தான். கண்ணுக்கு அம்பு அம்பாகத் தெரியட்டும் என்று வேகத்தைக் குறைத்தால், உயரப் பறக்கும் பாதையும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

அம்பைப் பிறகு வரைந்து சேர்க்கும் ஷாட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால், அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லிலேயே தங்கி, தண்டு பிளக்கும் அல்லது நாண் அறும். அதற்கு 'வெறுநாண் விடுகை' என்று பெயர் வைத்து, படப்பிடிப்புக் குறிப்பில் தடை என்று எழுதலாம். நாணுக்குப் பதில் ரப்பர் கயிறு கட்டிய போலிவில்லைத் தருவது நல்லது.

———

மூன்று சொற்களுக்கும் உடன்படுகிறேன். டப்பிங் படிக்கு ஒரு வேண்டுகோள்: வில்லாளரைப் பார்த்து 'சுடு!' என்று எழுதாதீர்கள். ஆங்கிலப் படங்களிலேயே 'ஃபயர்' என்று கத்துவது துப்பாக்கிக் காலத்துக் கட்டளை. நமக்கு 'விடு!' இருக்கிறது, உதட்டசைவுக்கும் நீளம் பொருந்தும்.