ஆகஸ்ட் 29 கூட்டம்: அணுகுண்டுச் சோதனை எதிர்ப்புத் தீர்மானத்தை எப்படி எழுதுவது?

வேலந்தாவளம் வாசகர்:
வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் எங்கள் வாசகசாலை சார்பில் ஆகஸ்ட் 29 அன்று அணுகுண்டுச் சோதனை எதிர்ப்பு நாள் கூட்டம் வைத்திருக்கிறோம். ஒரு சின்னக் கண்காட்சி, கூடவே கிராமசபைக்குக் கொண்டுபோக ஒரு தீர்மானம். வரைவு மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது.

"இப்பத்தான் பூமிக்கடியில வெடிக்கிறாங்களே, யாருக்கு என்ன கேடு?" என்று கேட்டால் என்ன சொல்வது? 2025-26 இராணுவச் செலவு 6.81 லட்சம் கோடி என்று பேனரில் போடலாமா? தீர்மானம் நிறைவேறிய பிறகு யாருக்கு அனுப்பினால் பலன்? மலையாளத்தில் படிக்க நிறையக் கிடைக்கிறது. எங்கள் பக்கம் பேச்சு தமிழில்தான்.

நிலநடுக்கோடு:
முதல் கேள்விக்குப் பதில் நீங்கள் தேர்ந்தெடுத்த தேதியிலேயே இருக்கிறது. கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் சோவியத் அரசு 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள் செய்தது. அதில் 340 பூமிக்கடியில். 1989 பிப்ரவரியில் அப்படிப்பட்ட சோதனைகளிலிருந்துதான் கதிரியக்க வாயு வெளியே கசிந்தது. தேர்தலில் நின்ற கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ், தொலைக்காட்சியில் தமக்குக் கிடைத்த பேச்சு நேரத்தில் ஓட்டுக் கேட்காமல் அந்தக் கசிவைப் போட்டு உடைத்தார். அங்கே பிறந்த இயக்கம் இரண்டரை ஆண்டில் அந்தத் தளத்தையே மூட வைத்தது. மூடிய நாள் 1991 ஆகஸ்ட் 29.

கசிவு எப்படி நடக்கிறது என்று காட்ட அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த பேன்பெரி சோதனையை எடுங்கள். 1970 டிசம்பர் 18, 10 கிலோடன் (பத்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்), ஆழம் சுமார் 270 மீட்டர். அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் புதைத்தார்கள். ஆனால் அங்கே நீர் ஊறிய களிமண் இருந்தது. வெடிப்பின் அழுத்தத்தை அது கணக்குப்படி தாங்கவில்லை. சில நிமிடத்தில் குழிக்குப் பக்கத்தில் நிலம் பிளந்து, கதிரியக்கத் தூசு சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்வெல் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்தடி தள்ளினால் அடிமண் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். கசியாத குண்டும் புளூட்டோனியத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகிறது. அது பாதியாகக் குறையவே 24,100 ஆண்டு ஆகும்.

விஞ்ஞானிகள் கணக்கு தப்பவே தப்பாது என்பவருக்கு 1954 மார்ச் 1, பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டைக் காட்டுங்கள். ஏறக்குறைய 6 மெகாடன் எதிர்பார்த்தார்கள், வந்தது 15. எரிபொருளான லித்தியத்தில் பாதிக்கும் மேல் லித்தியம்-7 என்ற வகை. அது சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள், அதுவும் வினையில் சேர்ந்துகொண்டது. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, தடை எல்லைக்கு வெளியே இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்கில் கொட்டியது. படகில் 23 பேர். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். கண்காட்சியில் வரைபடம் வையுங்கள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து நேர்கோட்டில் திண்டுக்கல் வரை ஒரு நூல். தூரம் அவ்வளவுதான்.

கல்லாங்குத்து:
பட்ஜெட் விஷயத்தில் கவனம் தேவை. 2025-26 பாதுகாப்பு ஒதுக்கீடு ரூ.6,81,210 கோடி என்பது சரி. ஆனால் அதில் ரூ.1,60,795 கோடி ஓய்வூதியம். பாலக்காட்டில் பட்டாளத்துப் பென்ஷன் வரும் வீடுகள் எத்தனை! மொத்தத்தையும் "குண்டுக்குப் போகும் பணம்" என்று பேனரில் போட்டால் அந்த வீட்டார் முதல் நிமிடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை எண் 19 முதல் 22 வரை பாருங்கள்: அமைச்சகச் செலவு, படைகளின் நடைமுறைச் செலவு, மூலதனம், ஓய்வூதியம். மூலதனம், அதாவது ஆயுதமும் தளவாடமும் வாங்கும் செலவு, மட்டும் ரூ.1,80,000 கோடி. பேனரில் போட வேண்டியது இந்த எண்ணை. அதே ஆண்டு நூறு நாள் வேலைக்கு ரூ.86,000 கோடி, பக்கத்தில் எழுதுங்கள், பார்ப்பவர்களுக்குப் புரியும்.

அணு ஆயுதத்துக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வரி நம் பட்ஜெட்டில் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது விலக்குப் பட்டியலில், இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றதைத் தர வேண்டியதில்லை. மற்ற இடங்களில் நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி மறுக்க இடம் தரும் 8(1)(அ) பிரிவு குறுக்கே நிற்கும். அதனால் தீர்மானத்தில் தொகையை ஊகித்து எழுதாமல், "அணு ஆயுதச் செலவை நாடாளுமன்றத்தில் தனித் தலைப்பில் வை" என்று கேளுங்கள். வரிகட்டுகிறவன் கணக்குக் கேட்பது தேசத்துரோகம் ஆகாது.

மலைச்சாரல்:
அணுகுண்டுச் சோதனையை முழுதும் தடுக்கும் சிடிபிடி ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டால் தேசவிரோதி என்பார்களே? 1996-ல் இந்தியா மறுத்ததற்குக் காரணம் இருந்தது அல்லவா: அணு ஆயுதம் வைத்திருப்பவர்கள் அதைக் கைவிடக் காலவரம்பு இல்லை என்று.

நிலநடுக்கோடு:
காரணம் இருந்தது, மறுக்க வேண்டாம். ஆனால் சோதனையை உடனே நிறுத்துங்கள் என்று 1954 ஏப்ரல் 2 அன்று சொன்னது நேரு, பிகினிக்கு ஒரே மாதம் கழித்து. 1998-க்குப் பிறகு இந்தியா தானாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த வாக்கைச் சட்டமாக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, ஆயுதக் கைவிடலுக்குக் காலவரம்பு வற்புறுத்து என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர் சோதனையை மறுபடி தொடங்கச் சொன்ன பிறகு இது பழங்கதை இல்லை. திருட்டுத்தனமாக வெடித்தால் தெரியாதே என்பார்கள். 2006-ல் வட கொரியா வெடித்தது ஒரு கிலோடனுக்கும் குறைவு. நில அதிர்வு நிலையங்கள் உடனே பிடித்தன. பின்னால் கனடாவில், அந்த வெடிப்பில் உண்டான கதிரியக்க ஜெனான் வாயுவும் சிக்கியது.

கூடங்குளம் அணு மின் நிலையத்தை இதில் கலக்காதீர்கள். அது தனிப் போராட்டம், தனி வாதம். கலந்தால் கூட்டம் மின்சாரப் பக்கம் திரும்பிவிடும்.

சித்தூர்ப்புழை:
மூன்றாவது கேள்விக்கு. கேரளத்தில் கிராமசபை வார்டு வாரியாக, வார்டு உறுப்பினர்தான் கூட்டுநர். வாக்காளரில் 10 சதவீதம் வராவிட்டால் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லை. பெரும்பாலான தீர்மானம் இங்கேதான் விழுகிறது, கருத்தில் அல்ல. பொருள்பட்டியலில் முன்கூட்டியே எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழிலேயே கொடுங்கள், மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களோடு தமிழில் எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

தில்லிக்கு என்றால், மக்களவை மனுக் குழுவுக்கு அனுப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். தீர்மானமாகக் கொண்டுவரக்கூடிய விஷயத்துக்கு மனு ஏற்கமாட்டார்கள், இது அந்த வகை. நேரே ஆலத்தூர் எம்.பி.யிடம் போங்கள். வெள்ளிக்கிழமை தனிநபர் தீர்மானம் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கேளுங்கள். அது குலுக்கலில் வரவேண்டும், வராமலும் போகலாம். ஆகவே கூடவே எழுத்துமூலப் பதில் கேட்கும் கேள்வி ஒன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்கட்டும், கருத்துரை வேண்டாம். "அணு ஆயுதச் செலவைத் தனித் தலைப்பில் காட்டும் திட்டம் உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன?" இந்த அளவு போதும்.

வேலந்தாவளம் வாசகர்:
நன்றி. பேனரை மாற்றுகிறோம், மூலதனமும் நூறு நாள் வேலையும் மட்டும். அண்ணா, திண்டுக்கல் நூல் கட்டாயம் உண்டு. வார்டு உறுப்பினருக்கு எழுத்தில் நாளைக்கே கொடுக்கிறோம்.