ராம் வேகத்தைக் கூட்டியபின் மதியத்தில் மட்டும் விளையாட்டு மூடிக்கொள்கிறது

உவர்மலை வாசி:
என்னுடையது ரைசன் 5 5600 புரோசசர் பொருத்திய கணினி. 3200 வேகத்துக்குரிய 8 ஜிபி டிடிஆர்4 ராம்கள் (தற்காலிக நினைவகங்கள்) இரண்டு உள்ளன. வாங்கிய நாளிலிருந்து அவை 2133 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததைச் சென்ற மாதந்தான் கவனித்தேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸில், ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்கியதும் 3200 வந்தது. விளையாட்டில் ஆட்கள் நெருக்கமாக வரும் காட்சிகளில் இருந்த திக்கல் பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த மகிழ்ச்சியில் 3600க்கு ஏற்றி, ஒரு காணொளியைப் பார்த்து டிஆர்இஎஃப்ஐ என்ற அளவையும் பல மடங்கு கூட்டினேன். இரவில் மூன்று மணித்தியாலம் விளையாடினாலும் குறையில்லை. ஆனால் கச்சான் காற்று வீசும் மதியத்தில், மின்விசிறியே சுடுகாற்றை அள்ளி வீசும் என் அறையில், அரை மணித்தியாலத்துக்குள் விளையாட்டு மூடிக்கொள்கிறது. ஒருமுறை நீலத்திரையும் வந்தது. புரோசசரின் வெப்பம் 75 பாகையைத் தாண்டவில்லை. ராம் பழுதாகிவிட்டதா?

நிலாவெளி:
பழுது என்று முடிவுகட்ட வேண்டாம் தம்பி. ராமில் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய கொள்ளளவி ஒன்றில் மின்னேற்றமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏற இன்னும் விரைவாகக் கசியும். அதனால்தான் டிடிஆர்4 தரநிலையில், 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா வரிசைகளும் மீள ஏற்றம் பெறும்படி, சராசரியாக 7.8 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கட்டளை அனுப்பப்படுகிறது. 85 பாகைக்கு மேல் போனால் அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். நீங்கள் கூட்டிய டிஆர்இஎஃப்ஐ அந்த இடைவெளிதான். புதுப்பிப்பதற்காக ராம் நிற்கும் நேரம் குறைவதால் வேகம் கிடைக்கிறது, ஆனால் மதியச் சூட்டில் அடுத்த கட்டளை வருவதற்கு முன்பே ஏற்றம் வடிந்துவிடுகிறது. முதலில் அந்த ஒன்றை மட்டும் ஆட்டோவுக்குத் திருப்பி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ மதியம் 12 மணிக்குத் தொடங்கி ஓடவிடுங்கள். நம் ஊரில் இரவில் தேறிய சோதனையைச் சோதனையாகவே நான் கொள்வதில்லை. வோல்டேஜை 1.35க்கு மேல் ஏற்றிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள், சூடு இன்னும் கூடும்.

அன்புவழிபுரம்:
ஒரு கணக்கையும் பாருங்கள். சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ராம் எடுக்கும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை. 3200இல் சிஎல்16 என்றால் தாமதம் 10 நனோசெக்கன். 3600இல் சிஎல்18 என்றாலும் அதே 10 தான். உங்களுக்குக் கூடுவது ஒரு செக்கனில் செல்லும் தரவின் அளவும், புரோசசரின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1600இலிருந்து 1800 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்வதும். கிராஃபிக்ஸ் கார்ட் ஏற்கெனவே 99 வீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால் இவற்றால் பெரிய பயன் இராது.

விளையாட்டு மூடிக்கொள்வதைவிட நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. நிலையற்ற ராமோடு அக்காவின் திருமணப் படங்களை வேறு டிஸ்க்குக்குப் பிரதி செய்தேன். பிறகு திறந்தபோது சில படங்களில் மணவறைக்குக் கீழே பாதிப் படம் சாம்பல் பட்டையாக இருந்தது. மூலப் பிரதியை அதற்குள் அழித்துவிட்டேன். சோதனை முடியும்வரை முக்கியமான கோப்பு எதையும் தொடாதீர்கள்.

உவர்மலை வாசி:
இருவருக்கும் நன்றி அண்ணா. டிஆர்இஎஃப்ஐயை ஆட்டோவில் விட்டபின் விளையாட்டு மூடவில்லை. எனினும் 3600இல் நடத்திய மதியச் சோதனையில் ஒரேயொரு பிழை காட்டியது. 3200, சிஎல்16இல் நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன. கார்டும் 97 வீதத்துக்குக் குறையாமல்தான் ஓடுகிறது. ஆகவே 3200இலேயே நிறுத்திக்கொண்டேன். பெட்டியின் முன்பக்கத்தில் இன்னொரு விசிறி பொருத்தப் போகிறேன்.