மதுரை வெயிலில் கோல்டு ஸ்டார்ட் பார்க்கத் தேவையில்லையாம்!

பைபாஸ்ரோடு டர்போ:
டீலரிடம் பழைய கார், 2018 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் வாங்கப் போகும் ஒரு தம்பிக்கு நேற்று இங்கே ஒருவர் சொன்ன யோசனை: "டீலரே சான்று கொடுத்த கார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மதுரை வெயிலில் கோல்டு ஸ்டார்ட் பார்ப்பதெல்லாம் வீண் வேலை." படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 230 குதிரைத்திறன் உள்ள வண்டி, முதல் ஓனர் அதை எப்படி மிதித்தார் என்று யாருக்குத் தெரியும்? பாலிஷ் போட்டு, உள்ளே வாசனை அடித்து நிறுத்திவிட்டால் எல்லா வண்டியும் புதுசுதான். கோல்டு ஸ்டார்ட் என்றால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்வது, அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் பேசாமல் வந்துவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

தெப்பக்குளத்தான்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். சித்திரை மாதம் காலையிலேயே இங்கே 30 டிகிரி. வெளியே நிற்கிற எந்த வண்டியின் பானட்டும் தோசைக்கல் மாதிரிதான் இருக்கும். அதில் கை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள்? கோல்டு ஸ்டார்ட் ஊட்டிக்காரர்கள் பேச வேண்டிய விஷயம். மதுரையில் எந்த என்ஜின் குளிர்ந்து கிடக்கிறது, சொல்லுங்கள்.

பைபாஸ்ரோடு டர்போ:
ஓடிச் சூடான என்ஜினில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 90 டிகிரி பக்கம் இருக்கும். 30-க்கும் 90-க்கும் வித்தியாசம் தெரியாமல் அடுத்தவருக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டீர்கள். பானட் வேண்டாம், சரி, காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகுங்கள். என்ஜினை எழுப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கூலன்ட் எத்தனை டிகிரி, என்ஜின் உள்ளிழுக்கும் இன்டேக் காற்று எத்தனை டிகிரி என்று பாருங்கள். 32, 31 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டி. கூலன்ட் மட்டும் 58 என்று காட்டினால் நீங்கள் வருவதற்குள் யாரோ ஓடவிட்டிருக்கிறார்கள். ஏன் ஓடவிட்டார்கள் என்று கேளுங்கள். கூட வந்தவரை சைலன்சருக்குப் பின்னால் நிறுத்துங்கள். என்ஜினுக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் போயிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று நீலப்புகை வந்து நின்றுவிடும், அப்புறம் நாள் பூரா நின்று பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. டைமிங் செயின் சத்தமும் அப்படித்தான், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் ஏறும் முதல் சில விநாடிதான் கரகரவென்று கேட்கும்.

கோச்சடை ஜிடி:
செயின் பிரச்சினை பழைய லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ காலத்துக் கதை. விஆர்எஸ்-ல் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை என்ஜின். இதில் பார்க்க வேண்டியது வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங். பிளாஸ்டிக், கசியும். டார்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்துபோன ரோஸ் நிறக் கறை தெரியும். அப்புறம் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. இந்த வண்டியில் உள்ளது ஆயிலுக்குள் கிளட்ச் இருக்கிற ஆறு கியர் பெட்டி, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அதற்கு பில் எங்கே என்று இங்கே ஒருத்தரும் கேட்கவில்லை, ஆளாளுக்கு பானட்டைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள்.

தெப்பக்குளத்தான்:
செயின் இந்த வண்டிக்குப் பொருந்தாது என்று கோச்சடை அண்ணனே சொல்லிவிட்டார். கோல்டு ஸ்டார்ட் வாதம் அதோடு முடிந்தது. டீலர் அத்தனை இடம் பார்த்து டிக் அடித்து வாரன்டியும் தருகிறார். 30 டிகிரியில் கோல்டு ஸ்டார்ட் கிடையாது, அவ்வளவுதான்.

பைபாஸ்ரோடு டர்போ:
எதுவும் முடியவில்லை. செயினை விடுங்கள், வால்வு சீல் எங்கே போனது? 58 டிகிரிக்குப் பதில் எங்கே? வாரன்டி தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறீர்களா? கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் தேய்மானம் என்று பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். இந்த மாதிரி வண்டியை வாங்குகிறவர்களில் பலர் ஸ்டேஜ் 1 ரீமேப் (திறனைக் கூட்ட என்ஜின் மென்பொருளை மாற்றுவது) போட்டு ஓட்டிவிட்டு, விற்கும்போது பழைய மென்பொருளையே திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். என்ஜின் கணினியான இசியூ-வில் எத்தனை தடவை மென்பொருள் எழுதியிருக்கிறது என்ற கணக்கு பல சமயம் அப்படியே இருக்கும், ஆனால் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். ரீமேப் என்று கம்பெனி கணினியில் டிடி1 குறி விழுந்துவிட்டால் என்ஜினுக்கு வாரன்டி கேட்டுப் போய் நிற்க முடியாது. ஒரு டீலர் என் தம்பிக்கு சான்று கொடுத்த வண்டியில் நாங்கள் போய்ச் சேரும் முன்பே என்ஜின் சூடாக இருந்தது. "வாஷ் பண்ண எடுத்தோம் சார்" என்றார்கள். மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நின்றால் நீலப்புகை. சான்றில் அந்த இடத்திலும் பச்சை டிக்.

நத்தம்ரோடு 59:
அந்தத் தம்பிக்கு நான் சொல்வது, வண்டியை நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ஏற்றுங்கள். 7.3 கிலோமீட்டர், ஆறாவது கியர் வரை எல்லாம் தெரிந்துவிடும்.

கோச்சடை ஜிடி:
பாலத்தில் எந்த டிஎஸ்ஜியும் வெண்ணெயாகத்தான் போகும். சாயங்காலம் கோரிப்பாளையம் நெரிசலில் ஒன்றாவது, இரண்டாவது கியரில் ஊர்ந்து பாருங்கள், அங்கேதான் உதறும். பில்லையும் கேளுங்கள்.

நத்தம்ரோடு 59:
கோரிப்பாளையத்தில் கொண்டுபோய் விட்டால் புது வண்டியே உதறும் அண்ணே. அதை விடுங்கள், அது கேஏ நம்பர், கர்நாடக வண்டி என்று தம்பி எழுதியிருந்தாரே, யாராவது கவனித்தீர்களா? படிவம் 28-ல் அங்கேயுள்ள ஆர்டிஓ-விடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், இங்கே ஆயுள் வரி கட்டணும், அங்கே கட்டின வரியைத் திரும்பக் கேட்டு அலையணும். விலை மலிவு என்று பாய்வதற்கு முன் இதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:
அதை பைபாஸ்ரோடு அண்ணனிடமே கேளுங்கள், அவர் வண்டியே இன்னும் கேஏ நம்பரில்தான் காளவாசலைச் சுற்றுகிறது. 12 மாதத்துக்குள் நம்பர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். போன வருஷம் எத்தனால் பெட்ரோல் பேச்சிலும் இதே ஆள்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தார்.

பைபாஸ்ரோடு டர்போ:
என் வண்டிக்கு என்ஓசி வந்துவிட்டது, வரியும் கட்டியாகிவிட்டது, ஆர்டிஓ தேதிக்காகக் காத்திருக்கிறேன். எத்தனாலில் நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். என் நம்பர் பிளேட்டுக்கும் அந்தத் தம்பி வாங்கப் போகும் வண்டியின் கூலன்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? 32-ஆ 58-ஆ, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:
30 டிகிரியில் கோல்டு ஸ்டார்ட் கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் என் பதில்.

கோச்சடை ஜிடி:
டிஎஸ்ஜி ஆயில் பில்?

பைபாஸ்ரோடு டர்போ:
பில் இருந்தாலும் காலையில் போய் நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தம்பி, டீலருக்கு போன் போடாமல் போங்கள், ஸ்கேனரை நானே எடுத்து வருகிறேன். தெப்பக்குளத்துக்காரரும் வரட்டும்.

தெப்பக்குளத்தான்:
கேஏ நம்பர் வண்டியில் ஏறி நான் எங்கேயும் வருவதாக இல்லை.