மறுபடி அதே இடத்தில் கொப்புளம்: துரு எடுத்துப் பெயின்ட் அடித்தவர்கள் சொல்லுங்கள்

மெர்பேங்க் பக்கி:
என் பக்கியின் (பிக்கப் வண்டி) பின் சக்கர வளைவில் துரு. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டதும் தகரம் வெள்ளியாய் மின்னியது. எட்ச் பிரைமர் (ஆசிட் கலந்த அடிப்பூச்சு), பட்டி, பெயின்ட். டர்பன் நகரத்து மழைக்காலம் முடியுமுன் கொப்புளம். ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்ததும் பட்டி ஒரே வில்லையாய்க் கழன்று விழுந்தது. அடியில் ஈரம், குண்டூசித் தலை அளவில் கறுப்புப் புள்ளிகள். அந்த மினுமினுப்புதான் ஏமாற்று. கம்பி பிரஷ் குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காது, மேலே பாலிஷ்தான் போடும்.

சாட்ஸ்வர்த் கிரைண்டர்:
பிரஷ் மேல மட்டும் பழி போடாதீங்க அண்ணே. எட்ச் பிரைமர் மேல பாலியஸ்டர் பட்டி போட்டா ஆசிட் அதோட ஒத்துப்போகாது, பிடிப்பு விட்டுடும். சுத்தத் தகரம், இபாக்சி பிரைமர், அதுக்கு மேலதான் பட்டி. 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் சுமார் 2 கிராம். கூடிப்போனா அது பெயின்ட்டுக்கு மேல கறையா வரும்.

ஃபீனிக்ஸ் 80 கிரிட்:
குழிக்கு என்ன வழின்னு ரெண்டு பேருமே சொல்லலையே. துரு முடியற இடத்துக்கு அப்பால 5 செ.மீ. வரை பெயின்ட்டை உரிச்சு, 80 கிரிட் உப்புத்தாள் போடுங்க. மிச்சக் கறுப்புக்குப் பாஸ்பாரிக் ஆசிட். கையுறை, கண்ணாடி கட்டாயம். 15, 20 நிமிஷம் காயவிடாம ஈரமாவே வைங்க; காஞ்சா உப்புப் படலம் உக்காந்துடும். தண்ணியில நல்லா கழுவி, உடனே சூட்டுக்காத்துல உலர்த்துங்க. சில இபாக்சிக்கு ஆசிட் பட்ட தகரமே ஆகாது, டப்பாவோட தாளை முதல்ல படிச்சுடுங்க. அப்புறம் வெறுங்கையால தொடாதீங்க, வியர்வை உப்பே போதும். கடல்காத்துல ராத்திரி முழுக்கத் திறந்து வச்சா காலையில மஞ்சள் பூத்திருக்கும். அன்னைக்கே பிரைமர்.

இசிப்பிங்கோ வெல்டர்:
எல்லாரும் வெளிப்பக்கத்தையே சுரண்டுறீங்க. பட்டிக்கு அடியில ஈரம்னா தண்ணி பெரும்பாலும் உள்ளேயிருந்துதான். வளைவோட உள் மடிப்புல சேறு அடைச்சிருக்கும், கதவுக்குக் கீழ ஓடுற சில் தகரத்துக்கு அடியில வடிகால் துளையும் அடைச்சிருக்கும். ஸ்க்ரூடிரைவர் தகரத்துக்குள்ளேயே போச்சுன்னா ஆசிட் வேண்டாம் தம்பி, வெட்டிடுங்க. 0.8 மி.மீ. தகரம், 0.6 மி.மீ. கம்பி போட்ட மிக் வெல்டிங். கோடா இழுக்காதீங்க, சுருங்கி நெளியும். புள்ளி புள்ளியா, இடம் மாத்தி மாத்தி, ஆறவிட்டு வைங்க. துரு வராம உள்ளே அடிக்கிற மெழுகை, பெயின்ட் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அடிக்கணும். முன்னாடியே அடிச்சு ஒரு துளி வெளியில பட்டா பெயின்ட் மீன்கண் மாதிரி விலகி நிக்கும்.

மெர்பேங்க் பக்கி:
துளையில கம்பி விட்டுப் பார்த்தாச்சு. ஒரு கை அளவு சேறு, இன்னும் ஈரமா.